கீமோவில் முடி கொட்டியபோது வீட்டுக்கு வந்த பதினொரு எண்ணெய்கள்

எனக்கு மார்பில் கட்டி என்று ஊருக்குத் தெரிந்த மறுவாரமே எண்ணெய் பாட்டில்கள் வர ஆரம்பித்துவிட்டன. மொத்தம் பதினொன்று. ஒன்றைக்கூட நான் காசு கொடுத்து வாங்கவில்லை. கரிசலாங்கண்ணி காய்ச்சியது, செம்பருத்திப் பூ போட்டது, சின்ன வெங்காயம் வதக்கிப் போட்டது, வெறும் வேப்பெண்ணெய், அப்புறம் ஒகேனக்கல்லில் மசாஜ் செய்பவர் ஒருவரிடமிருந்து என் கொழுந்தனார் வாங்கி வந்த, என்ன போட்டிருக்கிறது என்று அவருக்கே தெரியாத ஒரு பச்சை எண்ணெய். கேன்சருக்கு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது, முடிக்கு என்ன செய்வதென்று எல்லாருக்கும் தெரியும், அதனால் தெரிந்ததைக் கொண்டுவந்தார்கள் என்று இப்போது புரிகிறது. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

நான் தர்மபுரி பக்கம் காரிமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன், வயது 47. வைத்தியம் சேலத்தில் நடந்தது. 21 நாளுக்கு ஒருமுறை என்று நாலு முறை சிவப்பு மருந்து, கூடவே சைக்ளோபாஸ்பமைடு, அதன் பிறகு வாராவாரம் பேக்லிடாக்சல் 12 முறை. சிவப்பு மருந்து என்பது டாக்சோரூபிசின், வார்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, நிறத்தை வைத்துத்தான் பேச்சு. திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில் பஸ் ஏறுவதற்குள் எனக்குக் குடலே வெளியே வந்துவிடும், அந்தக் கதையெல்லாம் இங்கே வேண்டாம். முடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் கீமோ எடுக்கப்போகும் பெண்கள் போன் செய்தால் முதலில் கேட்பது அதைத்தான். “அக்கா, நீங்க என்ன எண்ணெய் போட்டீங்க?”

முடி கொட்டுவதை எந்த எண்ணெயும் நிறுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதி படித்துவிட்டு மூடிவிட்டாலும் இது மட்டும் தெரிந்திருக்கட்டும். இலை தழைகளால் எனக்கு உதவி கிடைத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், அது கிடைத்த நேரம் வேறு.

முதல் ஊசி போட்டு 15-ஆம் நாள் உச்சந்தலை முழுக்க யாரோ இறுக்கிப் பின்னல் போட்டு இழுத்த மாதிரி ஒரு நோவு. 17-ஆம் நாள் காலையில் தலையணை உறை கறுத்துக் கிடந்தது. இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும் என்று டாக்டரம்மா தேதி போடாத குறையாகச் சொல்லியிருந்தார், நான்தான் நமக்கு வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், முழங்கால் வரை இல்லையென்றாலும் தோள்வரை வெட்டிக்கொள்ளும் முன் இடுப்பைத் தொட்ட முடி, அவ்வளவு சீக்கிரம் போகுமா என்று. கையை வைத்தால் கையோடு வந்தது. நாலு நாளில் முடிந்தது.

ஏன் என்று அடுத்த முறை போனபோது கேட்டேன். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் இந்த மருந்துகள் தேடி அடிக்கின்றன, கேன்சர் செல்லும் அப்படி, வாய்க்குள் இருக்கும் தோலும் குடலும் எலும்பு மஜ்ஜையும் முடியின் வேரும் அப்படி. தலையில் இருக்கும் முடியில் 100-க்கு 85, 90 முடி எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்கும் நிலையில் இருக்கிறதாம், அதனால் மொத்தமாகப் போகிறது. புருவத்தில் வளரும் நிலையில் இருப்பது குறைவு, அதனால் அது தாமதமாகக் கொட்டும். வேர் சாவதில்லை, நின்றுபோகிறது. ஆடு மேய்ந்துவிட்டுப் போன புல் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். இதைக் கேட்ட அன்றைக்கே எனக்கு எண்ணெய்க் கணக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். மருந்து ரத்தத்தோடு உள்ளிருந்து வேருக்கு வருகிறது, எண்ணெய் தோலுக்கு மேலே நிற்கிறது, அது எப்படிக் குறுக்கே போய் மறிக்கும்?

கொட்டாமல் தடுக்க ஆதாரத்தோடு இருக்கும் ஒரே வழி குளிர் தொப்பி. மருந்து ஏறுவதற்கு முன்னாலிருந்து ஏறி முடிந்த பின்னும் கொஞ்ச நேரம் வரை தலையைக் கடுமையாகக் குளிரவைக்கும் இயந்திரம், ரத்தக் குழாய்கள் சுருங்கி மருந்து வேருக்குக் குறைவாகப் போகும். அமெரிக்காவில் 2015-இல் அனுமதி கொடுத்தார்கள், 2017-இல் வெளியான ஒரு சோதனையில் அதைப் போட்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பாதிக்கு மேற்பட்ட முடி கொட்டாமல் நின்றது, போடாதவர்களில் ஒருவருக்கும் நிற்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் அது இல்லை. பெங்களூரு, சென்னைப் பக்கம் பெரிய இடத்தில் வைத்தியம் பார்ப்பவர்கள் முதல் ஊசிக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள், இரண்டாவது ஊசிக்குப் போய்க் கேட்டால் கேட்டதோடு சரி.

இனி நான் செய்த தப்புகள்.

இரண்டாவது ஊசி முடிந்து ஒன்பதாவது நாள் என் நாத்தனார் போனில் ஒரு வீடியோ காட்டினார், சின்ன வெங்காயச் சாறு 14 நாள் தேய்த்தால் மொட்டைத் தலையிலும் முளைக்கும் என்று. வெங்காயச் சாற்றை வைத்து 2002-இல் ஒரு ஆய்வு வந்திருப்பது நிஜம்தான், ஆனால் அது புழுவெட்டுக்கு. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குவது புழுவெட்டு, மருந்து வேரை நிறுத்துவது கீமோ, இரண்டும் வெவ்வேறு. ரோஸ்மேரி எண்ணெயும் இப்படித்தான், 2015-இல் வந்த ஆய்வு பரம்பரை வழுக்கைக்கு. கரிசலாங்கண்ணிக்கு எலி, சுண்டெலிகளில் முடி வளர்ந்ததாகச் சோதனைகள் இருக்கின்றன. இதையெல்லாம் எடுத்து “முடிக்கு நல்லது” என்று ஒரே மூட்டையாகக் கட்டித்தான் நமக்கு விற்கிறார்கள். எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது, உட்கார்ந்து தேய்க்கச் சொன்னேன். மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றார் நாத்தனார். மறுநாள் தலை முழுக்கச் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளம், மூன்றாம் நாள் ஜுரம்.

ஊசி போட்டு ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை கிருமியை எதிர்க்கும் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும், வார்டு பாஷையில் “கவுண்ட் இறங்கியிருக்கு” என்பார்கள். அந்த நாளில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ந்தால் பாராசிட்டமால் போட்டுப் படுத்துக்கொள்ளக் கூடாது, ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இதை என் சீட்டிலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். போனேன். ஐந்து நாள் கிருமிக்கு ஊசி, மூன்றாவது கீமோ ஒரு வாரம் தள்ளிப்போனது. வெங்காயத்தால்தான் வந்தது என்று டாக்டரம்மா சொல்லவில்லை, கவுண்ட் இறங்கினால் ஒன்றும் செய்யாமலேயே ஜுரம் வரும் என்றார். ஆனாலும் முளைக்கவே முடியாத நாளில் தலையைப் புண்ணாக்கிக்கொண்டது நான்தானே. நாத்தனார் அதன்பிறகு ஒரு மாசம் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, பாவம்.

இரண்டாவது தப்பு பெரியது. எண்ணெய் மேலோடு போகிறது, உள்ளுக்குச் சாப்பிட்டால் வேருக்குப் போகும் என்று யாரோ சொல்ல, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மூலிகைக் கடையில் பொடி வாங்கினோம். 1,800 ரூபாய். கரிசலாங்கண்ணி, அவுரி, நெல்லி, இன்னும் பல சேர்ந்தது, காலையும் ராத்திரியும் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும், “செடிதானே அம்மா, ஒன்றும் செய்யாது” என்றார் கடைக்காரர். மூன்று வாரத்தில் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண் மூன்று மடங்கு. டாக்டரம்மா கேட்டார், வேறு ஏதாவது சாப்பிடுகிறாயா என்று. இல்லை என்றேன். பொய். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல என்னென்ன எவ்வளவு இருக்குன்னு போட்டே இல்லையேம்மா” என்றார், அவ்வளவுதான். நிறுத்திய இரண்டு வாரத்தில் எண் இறங்கியது. கீமோ மருந்தே கல்லீரலைத் தொடும், ஆகவே பொடிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. விஷயம் என்னவென்றால் இந்த மருந்துகளை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல், கெட்டியான மூலிகைச் சாறும் பொடியும் அந்த வேலையை மெதுவாக்கினால் மருந்து உடம்பில் தேங்கி விஷமாகும், வேகமாக்கினால் மருந்து கட்டியைத் தொடும் முன்பே போய்விடும். குழம்பில் போடும் மிளகும் மஞ்சளும் வேறு, அதையே மாத்திரையாகவும் லேகியமாகவும் கட்டி விழுங்குவது வேறு.

நெல்லிக்காய்க்கும் இதே கதைதான். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், பார்க்க வந்தவர் கூடை நிறைய நெல்லிக்காய் கொண்டுவந்து, “தகடூர் மண்ணில் பிறந்துவிட்டு நெல்லிக்கனியைச் சாப்பிட மாட்டேன் என்றால் அதியமான் கோபித்துக்கொள்வார் அம்மா” என்றார். அதியமான் ஔவைக்குக் கொடுத்தது ஒரே ஒரு கனி சார் என்றேன். சிரித்துவிட்டார். நானும் அப்படியே நன்றாகக் கழுவி ஒன்று சாப்பிட்டேன், அதை டாக்டரம்மாவிடம் சொல்லியும்விட்டேன், உணவாக ஒன்று தப்பில்லை, பொடி லேகியம் வேண்டாம் என்றார்.

செடி என்றால் ஒன்றும் செய்யாது என்ற பேச்சுக்கு எனக்குப் பதில் கிடைத்தது வார்டில்தான். எனக்கு வாராவாரம் ஏறிய பேக்லிடாக்சல் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கண்டுபிடித்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பையனுக்கு ரத்தப் புற்றுநோய், அவனுக்குப் போட்ட வின்கிரிஸ்டின் எங்கிருந்து தெரியுமா, நம் வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தானாக முளைத்துப் பூத்து நிற்கிற நித்தியகல்யாணியிலிருந்து. எங்கள் இரண்டு பேர் உடம்பிலும் ஏறியது செடியிலிருந்து வந்த மருந்துதான்! கட்டியை அடிக்கிற செடி உண்டென்றால் கல்லீரலை அடிக்கிற செடியும் உண்டு. அளவு தெரிந்து கொடுப்பவர் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அளவு எழுதாத பாக்கெட்டை நான் இப்போது தொடுவதில்லை. நித்தியகல்யாணி இலையைப் பறித்து யாரும் கஷாயம் வைத்துவிடாதீர்கள், அது விஷம்.

சரி, எது உதவியது?

கொட்டுவதற்கு முன்பே தோள்வரை வெட்டிக்கொண்டது. நீளமாகக் கொட்டினால் சிக்குப் பிடித்துக் கயிறு மாதிரி தொங்கும், அதைப் பார்ப்பதுதான் கொடுமை. மிச்சத்தை எடுக்கும்போது சவரக்கத்தி வேண்டாம், மெஷின் போடுங்கள் என்று வீட்டுக்கு வந்த நாவிதரிடம் சொன்னேன், தட்டணுவும் குறைந்திருக்கும் நாளில் ஒரு கீறல் பட்டாலும் ரத்தம் நிற்க நேரமாகும், கிருமியும் நுழையும். மொட்டையோடு வெளியே போனால் நம் ஊரில் ஒரு வசதி உண்டு, பாதிப்பேர் “திருப்பதியா?” என்று கேட்டுவிட்டு லட்டு எங்கே என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன்.

வெட்டிய முடியை வீணாக்காமல் சவுரி கட்டி வைத்தேன், பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டு. சவுரியை மாட்டத் தலையில் முடி வேண்டும் என்பது மொட்டையடித்த பிறகுதான் உறைத்தது. அப்புறம் தையல்காரி புத்தி வேலை செய்தது. பழைய பனியன் துணியில் தொப்பி தைத்து, பின்பக்க ஓரத்தில் சவுரியை வைத்துத் தைத்துவிட்டேன். மேலே முந்தானையைப் போட்டால் பின்னல் தொங்கும், என் சொந்தப் பின்னல். தொப்பி தைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: தையல் மடிப்பு வெளியே தெரியும்படி தையுங்கள், உள்ளே இருந்தால் மொட்டைத் தோலில் கோடு கோடாகப் பதிந்து அரிக்கும். சுற்றளவை அளந்து அதில் ஒரு அங்குலம் குறைத்து வெட்டினால் பனியன் துணி இழுத்துக்கொண்டு சரியாக உட்காரும். எலாஸ்டிக் வேண்டாம். நான் ஆறு தொப்பி வைத்திருந்தேன், மார்கழியில் தூங்கும்போது தலை இப்படிக் குளிரும் என்று முடி இருக்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

தோலுக்கு இரண்டே இரண்டுதான். ஒன்று வெறும் தேங்காய் எண்ணெய், மருந்து எதுவும் காய்ச்சாதது, ராத்திரி ரெண்டு சொட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. அதிகம் வைத்தால் வியர்வையும் தூசியும் சேர்ந்து வேர்க்குரு மாதிரி வரும். இன்னொன்று சோற்றுக்கற்றாழை. மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியும், அதுதான் அரிப்புக் கொடுப்பது, மடலைக் கால்மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி வைத்து அதை வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை ஏழு தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது என் மாமியார் சொன்ன கணக்கு, அதில் நான் ஒன்றுகூடக் குறைக்கவில்லை. முதலில் முழங்கை மடிப்பில் வைத்து ஒருநாள் பார்த்துவிட்டுத்தான் தலைக்கு. கொப்புளமோ கீறலோ இருந்தாலும், கவுண்ட் இறங்கும் அந்த வாரத்திலும் அதுவும் கிடையாது. இவை முடி கொட்டுவதை நிறுத்தவும் இல்லை, முடியை வளர்க்கவும் இல்லை. எரிச்சல் அடங்கித் தூக்கம் வந்தது, அந்த நாளில் எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அரப்பும் சீகைக்காயும் அப்போது தள்ளிவைத்துவிட்டேன். இமை முடியும் போய்விடுவதால் அரப்புத் தண்ணீர் தடையே இல்லாமல் நேராகக் கண்ணுக்குள் இறங்கும், ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன். குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பு போதும்.

கடைசி ஊசி முடிந்து ஐந்தாவது வாரம் தலையில் நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. மாமியார் அதுவரை பொறுமையாக இருந்தவர், ஏரிக்கரையில் கரிசலாங்கண்ணி பறித்து அரைத்துச் சாறு பிழிந்து, அடியில் தங்கும் கசடு மெழுகு பதத்துக்கு வரும்வரை கிளறிக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தார். கவுண்ட் சரியாகிவிட்டது, தோலில் புண் இல்லை, போடலாம் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். வாரம் இரண்டு நாள் போட்டேன். முடி வந்தது, மூன்று மாதத்தில் ஒரு அங்குலம். மாமியார் தெரு முழுக்கச் சொன்னார், என் எண்ணெய்தான் என்று. அவர் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை, ஆனால் ஒருநாள் ராத்திரி கேட்டேன், “அத்தை, புருவத்துக்கு யாரு எண்ணெய் போட்டா? அது தலைக்கு முன்னாடியே வந்துடுச்சே.” கொஞ்ச நேரம் யோசித்தார். “தலையில போட்டது வழிஞ்சிருக்கும் கண்ணு” என்றார்.

என்னோடு ஒரே நாளில் ஊசி முடித்த ஓமலூர் அம்மா ஒருவர் ஒரு சொட்டு எண்ணெயும் போடவில்லை, அவருக்கும் அதே வாரம்தான் முளைத்தது. மருந்து நின்றால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் தானாக வரும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும். வருகிற நேரத்தில் எதைப் பூசிக்கொண்டிருந்தோமோ அதற்குப் பேர் போகிறது. எண்ணெய்க்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை, தேங்காய் எண்ணெய் முடியிலிருந்து புரதம் கழுவிப் போவதைக் குறைக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள், புதுசாக வந்த பூனைமுடி சட்டென்று உடையும், அதற்கு நல்லது. அதற்கு முதலில் முடி இருக்க வேண்டும்.

புது முடி சுருட்டையாக வந்தது, எங்கள் வம்சத்திலேயே சுருட்டை கிடையாது. கீமோவுக்குப் பிறகு பலருக்கு இப்படி வருமாம், போகப்போக நேராகும். நரையும் கூடுதல். கறுப்பாக்க ஆசைப்பட்டுக் கடையில் விற்கும் கறுப்பு மருதாணிப் பொடியைப் போட்டுவிடாதீர்கள், அதில் பல பாக்கெட்டில் சாயத்துக்குப் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும், தோல் வெந்துபோகும். இலை மருதாணி சிவப்புதான் தரும், கறுப்பு வந்தாலே சந்தேகப்பட வேண்டும். சாயத்துக்கு ஆறு மாதம் பொறு என்றார்கள் எனக்கு.

ஆறு மாதம் தாண்டியும் வரவில்லை என்றால் எண்ணெய் மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, இரும்புச்சத்து இரண்டையும் பார்ப்பார்கள், டோசிடாக்சல் என்ற கீமோ மருந்து போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு முழுசாகத் திரும்பாமல் போவதும் உண்டு. முடி முளைக்கத் தலையில் பூசும் மினாக்ஸிடில் மருந்து கொட்டுவதைத் தடுக்காது, ஆனால் முளைப்பதைச் சீக்கிரமாக்கலாம், அதையும் அவர்கள் சொன்னால்தான். எனக்கு இப்போது கேன்சர் திரும்பாமலிருக்கத் தினமும் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை, அதனால் வகிட்டில் முடி கொஞ்சம் மெலிகிறது. அந்த மாத்திரையை முடிக்காக நிறுத்துகிற எண்ணம் எனக்கு இல்லை. மாமியார் கேள்விப்பட்டு மறுபடி ஏரிக்கரைக்குப் போய்வந்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமையானால் எண்ணெய், அரப்பு, வெயிலில் உட்கார்ந்து காய்தல், எல்லாம் நடக்கிறது.

நேற்று பாலக்கோட்டிலிருந்து ஒரு பெண் பேசினாள், 34 வயது, அடுத்த புதன்கிழமை முதல் ஊசி. மருதாணி அரைத்து வைத்திருக்கிறாளாம், குளிர்ச்சிக்கு. கைக்கு வைத்துக்கொள்வதாக இருந்தால் நர்ஸைக் கேட்டுக்கொள், தலைக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை போய் முடியை வெட்டிவிட்டு வா, வெட்டியதைத் தூக்கிப் போடாதே என்றேன். தலைச் சுற்றளவு கேட்டேன், 22 அங்குலம் என்றாள். கடையில் பச்சைப் பனியன் துணி கொஞ்சம் கிடக்கிறது. பச்சை பிடிக்குமா என்று கேட்க மறந்துவிட்டேன்.